ஹோம் ரன்னா, பேஸ் ஸ்டீலா? ரன் கணக்கில் எது எவ்வளவு பெறும்?

வடக்குவீதி
பேஸ்பாலில் ஹோம் ரன் என்றால் பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது. ஸ்டீல் என்றால் பேஸில் நிற்கும் ரன்னர், யாரும் பந்தை அடிக்காமலே, அடுத்த பேஸுக்கு ஓடி அதைத் திருடுவது. அமெரிக்கப் பேஸ்பாலின் தலைமை லீகான எம்.எல்.பி.யின் 2023 சீசனிலிருந்து இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். பிலடெல்ஃபியாவின் கைல் ஷ்வார்பர்: 47 ஹோம் ரன், சராசரி .197 (ஆயிரம் அடி வாய்ப்புக்கு 197 ஹிட்), ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) 215. ஓக்லாந்தின் எஸ்டியூரி ரூயிஸ்: 67 ஸ்டீல், 13 தடவை மாட்டியது (திருட ஓடி அவுட்), சராசரி .254, ஹோம் ரன் 5. பார்ப்பதற்கு ரூயிஸ்தான் விறுவிறுப்பு. முதல் பேஸில் அவர் நின்றாலே பந்து வீசும் பிட்சருக்கு வியர்க்கும். ஆனால் அவர் அணி அந்த ஆண்டு 112 ஆட்டங்கள் தோற்றது. வேகத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பு ஸ்கோர் போர்டில் ஏன் தெரிவதில்லை? "ஸ்டீல் வெறும் வேடிக்கை" என்று ஒரே வரியில் முடிக்காமல், கணக்கோடு யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
அந்த இரண்டு சராசரிகளையும் முதலில் ஓரமாக வையுங்கள். .197 அடித்த ஷ்வார்பர் 126 வாக் (நான்கு பந்து தப்பாக வந்தால் முதல் பேஸ் இனாம்) வாங்கியதால் ஆன்-பேஸ், அதாவது பேஸை எட்டிய விகிதம், .343. ரூயிஸின் ஆன்-பேஸ் .309. முதல் பேஸை அதிகம் தொட்டவர் மெதுவாக ஓடுகிறவர்தான். பேஸுக்கே வராதவன் எதைத் திருடுவான்?

இனி ஸ்டீலின் விலை. ஒரு நிலைமையிலிருந்து இன்னிங்ஸ் முடியும் வரை சராசரியாக எத்தனை ரன் வரும் என்று எம்.எல்.பி. ஆட்டங்களை எல்லாம் கூட்டிப் போட்ட அட்டவணை இருக்கிறது. 2010 முதல் 2015 வரையிலான எண்கள் (மூன்று அவுட்டில் இன்னிங்ஸ் முடியும்):

அவுட் இல்லை: முதல் பேஸில் ஆள் 0.859, இரண்டாவதில் 1.100
1 அவுட்: பேஸ் காலி 0.254, முதல் பேஸ் 0.509, இரண்டாவது 0.664
2 அவுட்: பேஸ் காலி 0.098, முதல் பேஸ் 0.224, இரண்டாவது 0.319

அவுட் இல்லாதபோது முதல் பேஸிலிருந்து ஓடினால், ஜெயித்தால் லாபம் 1.100 − 0.859 = 0.241. மாட்டினால் ஆளும் போய் ஓர் அவுட்டும் ஏறும். 0.859 − 0.254 = 0.605 நஷ்டம். நஷ்டத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் (0.605 ÷ 0.846) 71.5 சதவீதம். இதற்குக் கீழே வெற்றி விகிதம் இருந்தால் ஓடாமல் நின்றதே நல்லது. ஒரு அவுட்டில் இதே கணக்கு 72.6, இரண்டு அவுட்டில் 70.2.

மூன்றாவது பேஸைத் திருடுவதுதான் சுவாரசியம். அங்கே ஆள் நின்றால், அவுட் இல்லாதபோது 1.350, ஒரு அவுட்டில் 0.950, இரண்டு அவுட்டில் 0.353. தேவையான வெற்றி விகிதம் முறையே 77, 66, 90 சதவீதம். ஒரு அவுட்டில் மூன்றாவதுக்குப் போய்விட்டால் வெளிக்களத்துக்கு ஒரு கேட்ச் போனாலே, பிடித்ததும் ஓடி ரன், அதனால் அங்கே மலிவு. இரண்டு அவுட்டில் அந்தக் கேட்சே இன்னிங்ஸை முடித்துவிடும். சிங்கிள் (பேட்டர் முதல் பேஸ் வரை போகும் அடி) விழுந்தால் இரண்டாவது பேஸிலிருந்தே பெரும்பாலும் ஓடி வந்துவிடலாம். அப்புறம் எதற்கு மூன்றாவது?

மின்னல்கால்
இதெல்லாம் சராசரி எண் கணக்குப்பிள்ளை சார். ரிக்கி ஹென்டர்சன் சராசரி ஆள் இல்லையே. மொத்தம் 1406 ஸ்டீல், 1982-இல் மட்டும் 130. அவருக்கு முன் சாதனை வைத்திருந்த லூ பிராக் ஓய்வு பெறும்போது 938. அந்த இடைவெளியைப் பார்த்தாலே புரியாதா?

கணக்குப்பிள்ளை
1982-ஐயே பார்ப்போம். நிலைமைகளை எல்லாம் சேர்த்துச் சராசரி போட்டால் ஒரு ஸ்டீல் சுமார் 0.2 ரன். மாட்டினால் சுமார் 0.4 ரன் போச்சு. ஒரு ஹோம் ரன் சுமார் 1.4. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறி இறங்கும், பெரிய மாற்றம் இல்லை.

ஹென்டர்சன் 1982: 130 × 0.2 = 26. அந்த ஆண்டு அவர் 42 தடவை மாட்டினார், 42 × 0.4 = 16.8. கையில் நின்றது 9 ரன்.
வின்ஸ் கோல்மன் 1986: 107 ஸ்டீல், மாட்டியது 14. 21.4 − 5.6, கிட்டத்தட்ட 16 ரன்.
ஷோஹெய் ஓதானி 2024: 59 ஸ்டீல், மாட்டியது 4. 11.8 − 1.6, அதாவது 10.

சாதனைப் புத்தகத்தில் இருக்கும் 130-ஐவிட ஓதானியின் 59 பேஸ் ஓட்டம் ஒரு பிடி அதிகம் சம்பாதித்தது. அதே ஆண்டு ஓதானியின் 54 ஹோம் ரன்களை 1.4-ஆல் பெருக்கினால் 75 ரன்னுக்கு மேல். ரூயிஸின் 67-க்கும் இதைப் போட்டுப் பாருங்கள்: 13.4 − 5.2, எட்டு ரன்.

தாமரைக்குளம்
அந்த 75-ஐயும் 10-ஐயும் பக்கத்தில் வைப்பது முழு நியாயம் இல்லை. ஹோம் ரன் அடிக்கப் போய் அவுட் ஆன தடவைகள் அந்த 75-இல் கழியவே இல்லையே. சராசரி பேட்டர் பேட் பிடிக்கும் ஒரு வாய்ப்போடு ஒப்பிட்டால் ஒவ்வொரு அவுட்டும் கால் ரன்னுக்குச் சற்று மேல் இழப்பு. ஷ்வார்பரின் 215 ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் அந்த விலை உண்டு. ஸ்டீல் பக்கம் மட்டும் மாட்டியதைக் கழித்துவிட்டு, பேட்டிங் பக்கம் அவுட்டைக் கழிக்காமல் விட்டால் தராசு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

ஆனாலும் முடிவு மாறாது. ரூயிஸும் அவுட் ஆகிறவர்தானே, அதுவும் ஷ்வார்பரைவிட அடிக்கடி. ஸ்ட்ரைக் அவுட்டும் தரையில் உருட்டிவிட்டு அவுட் ஆவதும் மதிப்பில் ஏறக்குறைய ஒன்று. உருட்டினால் டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) ஆகும் அபாயம் வேறு.

கோல்மனின் 16 ரன்னையும் தனியாகப் பார்த்து மயங்க வேண்டாம். 1986-இல் அவர் சராசரி .232, ஆன்-பேஸ் .301, ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. காலால் சம்பாதித்ததை பேட்டால் தொலைத்தார்.

மேட்டுப்பிட்சர்
இந்தச் சராசரி மறைக்கிற ஒரு விஷயம், அடுத்து பேட் பிடிப்பது யார் என்பது. கற்பனை எண் வைத்துச் சொல்கிறேன். இரண்டு அவுட், முதல் பேஸில் ரன்னர்.

பேட்டர் "அ": நூறு வாய்ப்பில் 25 சிங்கிள், 4 டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி), 1 ஹோம் ரன்.
பேட்டர் "ஆ": நூறில் 13 சிங்கிள், 5 டபுள், 8 ஹோம் ரன்.

சிங்கிள் விழுந்தால் இரண்டாவது பேஸிலிருந்து பத்தில் எட்டுத் தடவை ஓடி வரலாம், முதல் பேஸிலிருந்து முடியாது. டபுளில் முதல் பேஸிலிருந்து பாதித் தடவை வரலாம் என்று வைப்போம். "அ" பேட் பிடிக்கும்போது முதல் பேஸிலிருந்து ரன்னர் ஹோம் வரும் வாய்ப்பு 1 + 2 = 3 சதவீதம். இரண்டாவதில் இருந்தால் 1 + 4 + 20 = 25. எட்டு மடங்கு. "ஆ" வந்தால் முதல் பேஸிலிருந்தே 8 + 2.5 = 10.5. இரண்டாவதிலிருந்து 8 + 5 + 10.4 = 23.4. இரண்டு மடங்கு சொச்சம்தான்.

பின்னால் வருபவர்களைச் சேர்த்தால் எண்கள் எல்லாமே ஏறும். இடைவெளி இருக்கும். "அ" முன்னால் ஓடாமல் நிற்பது சோம்பேறித்தனம். "ஆ" முன்னால் ஓடி மாட்டுவது கையில் இருந்த சோற்றைத் தட்டிவிடுவது மாதிரி. ஹோம் ரன்னுக்கு ரன்னர் எந்தப் பேஸில் நின்றாலும் ஒன்றுதான்.

1926 உலகத் தொடர், ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 3-2 என்று பின்தங்கியிருக்கிறது, இரண்டு அவுட், முதல் பேஸில் பேப் ரூத். பேட் பிடிப்பது பாப் மியூசல், அடுத்து லூ கெரிக். ரூத் ஓடினார், செயின்ட் லூயிஸ் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) பாப் ஓஃபாரல் எறிந்து பிடித்தார், தொடரே முடிந்தது. ஒரு ரன் சமன் செய்யும் நிலைமை, ஓடும் எண்ணத்தில் தப்பில்லை என்று வாதாடலாம். பின்னால் நின்ற அந்த இரண்டு பேரைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வாதம் எடுபடவில்லை.

கடலோரம்
இன்னொரு பக்கமும் உண்டு. யாங்கீஸின் பெரிய அடிக்காரர் ஆரன் ஜட்ஜ் பேட் பிடிக்கும்போது இரண்டாவது பேஸைத் திருடினால் முதல் பேஸ் காலி. வேண்டுமென்றே வாக் கொடுக்க எதிரணி மேனேஜர் கையைக் காட்டுவார், ஜட்ஜ் நடந்து முதல் பேஸுக்குப் போவார். 2017 முதல் நான்கு பந்து வீசக்கூட வேண்டாம், சைகை போதும். அணியின் சிறந்த பேட்டரின் கையிலிருந்து பேட்டை நாமே பிடுங்கிக் கொடுத்த கதை. ஸ்டீல் எண்ணிக்கையில் ஒன்று ஏறியிருக்கும்.

மின்னல்கால்
சரி, ஜட்ஜ் முன்னால் ஓடக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023-க்கு முந்தைய எண்ணையும் வாதத்தையும் வைத்தே பேசுகிறீர்கள். விதி மாறிய பிறகு ஸ்டீல் வேறு சரக்கு.

2022: 2,486 ஸ்டீல், வெற்றி 75.4 சதவீதம்.
2023: 3,503 ஸ்டீல், 80.2 சதவீதம்.
2024: 3,617 ஸ்டீல், 79 சதவீதம்.

கணக்குப்பிள்ளை சொன்ன 72 என்ற கோட்டுக்கு மேலே லீகே நிற்கிறது. அப்படியானால் எல்லாரும் இன்னும் அதிகம் ஓட வேண்டும் என்றுதானே அர்த்தம்?

மேட்டுப்பிட்சர்
பாதி சரி. என்ன மாறியது என்று பார்த்தால் மீதியும் விளங்கும்.

பேஸ் 15 அங்குலச் சதுரமாக இருந்தது, 18 ஆனது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி நாலரை அங்குலம் குறைந்தது. டேக் (பந்தோடு ரன்னரைத் தொடுவது) விழும் விநாடியில் கைவிரலுக்கும் பேஸுக்கும் நடுவே இருக்கும் தூரமே அவ்வளவுதான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

பெரிய மாற்றம் பிட்சர் காலை எடுக்கும் உரிமையில். ஒரு பேட்டருக்கு இரண்டு தடவைதான் முதல் பேஸுக்கு எறியலாம் அல்லது ரப்பரிலிருந்து (பிட்சர் கால் வைத்து வீசும் பலகை) இறங்கலாம். மூன்றாவது தடவை எறிந்து அவுட் எடுக்காவிட்டால் பால்க் (பிட்சரின் விதிமீறல்), ரன்னருக்கு அடுத்த பேஸ் இனாம். இரண்டு எறிதல் செலவானதுமே ரன்னர் இன்னும் ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளி நிற்கிறான். ரன்னர் முன்னேறிவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து.

பந்து வீச வேண்டிய நேரத்தைக் காட்டும் கடிகாரம் வேறு. ஆள் பேஸில் இருந்தால் 2023-இல் 20 விநாடி, 2024 முதல் 18. முன்பு பிட்சர் பந்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றே ரன்னரின் காலை மரத்துப்போகச் செய்வார். இப்போது எண் இரண்டு, ஒன்று என்று இறங்கும்போது வீசியே ஆக வேண்டும் என்று ரன்னருக்கும் தெரியும். இதற்கு மருந்து, ஒரு பந்தைப் பத்தாவது விநாடியில், அடுத்ததை இரண்டாவதில் என்று மாற்றி மாற்றி வீசுவது. பழகிய பிட்சர்கள் அதைச் செய்கிறார்கள்.

மீதிப் பாதி: 80 சதவீதம் என்பது இப்போது ஓடியவர்கள், அவர்கள் தேர்ந்தெடுத்த பிட்சர், அவர்கள் தேர்ந்தெடுத்த பந்து ஆகியவற்றின் சராசரி. அடுத்த நூறு முயற்சி இதைவிட மோசமான நேரங்களில்தான் வரும். கடைசி முயற்சியின் விகிதம் 72-க்கு இறங்கும் வரைதான் கூட்டலாம், சராசரி 72 ஆகும் வரை அல்ல.

வடக்குவீதி
விநாடிக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். ஒரு ஸ்டீல் நடக்கும் மூன்று சொச்சம் விநாடியில் எது எவ்வளவு?

மேட்டுப்பிட்சர்
பிட்சர் முன்காலைத் தூக்கத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சர் கையுறையில் விழும் வரை: 1.3 விநாடி சாதாரணம். காலைத் தூக்காமல் தரையோடு நகர்த்தி வீசினால் 1.1 முதல் 1.2. கால் உயரத் தூக்குபவர் 1.5-ஐத் தாண்டினால் திறந்த வீடு.

கேட்சர் கையுறையிலிருந்து இரண்டாவது பேஸ் கையுறை வரை: சராசரி 2.0, ஜே.டி. ரியல்மூடோ போன்றவர்கள் நல்ல நாளில் 1.9-க்கும் கீழே. இதற்கு "பாப் டைம்" என்று பெயர். இது தோள்பலம் மட்டும் இல்லை. கையுறையிலிருந்து பந்தை எடுக்கும் வேகத்தில்தான் பாதி இருக்கிறது.

1.3 + 2.0 = 3.3. டேக் போட இன்னும் ஒரு கண் சிமிட்டல். முதல் பேஸிலிருந்து 12 அடி தள்ளி நிற்கும் ரன்னர் மீதி 78 அடியை 3.3 முதல் 3.5 விநாடியில் கடப்பார். அதாவது இரு தரப்பும் ஏற்கனவே சமம். கேட்சரை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ரன்னர் மாட்டுவார். பிட்சரின் 1.2-க்கும் 1.5-க்கும் நடுவே உள்ள 0.3 விநாடி, ரன்னர் ஓடும் வேகத்தில் எட்டு அடிக்குச் சமம்.

பந்தின் வகையும் கணக்கு. மணிக்கு 95 மைல் ஃபாஸ்ட் பாலைவிட 80 மைல் கர்வ் (வளைந்து விழும் பந்து) தாமதமாக வரும். தரையில் குத்தினால் கேட்சர் உடம்பால் தடுத்துவிட்டுத்தான் எடுக்க முடியும். அதனால் 0-1, 1-2 (முதல் எண் பால், அடுத்தது ஸ்ட்ரைக்) மாதிரி, பிட்சர் வளைத்துப் போட வாய்ப்புள்ள எண்ணிக்கையில் ஓடுவார்கள்.

வலக்கைப் பிட்சரிடம் பார்க்க வேண்டியது குதிகால். முன்கால் (இடது) குதி முதலில் எழுந்தால் பந்து ஹோமுக்கு. பின்கால் குதி எழுந்தால் முதல் பேஸுக்குத் திரும்புகிறார், பாய்ந்து திரும்பு. இடக்கைப் பிட்சர் ரன்னரைப் பார்த்தபடியே நிற்பதால் இது செல்லாது. தூக்கிய வலக்கால் ரப்பரின் பின்விளிம்பைத் தாண்டிவிட்டால் அவர் முதல் பேஸுக்கு எறியக்கூடாது, அந்த நொடிதான் ரன்னருக்கு. அதுவரை காத்திருந்தால் தாமதம் என்பதால் சிலர் முதல் அசைவிலேயே சூதாடி ஓடுவார்கள். பிட்சர் முதல் பேஸுக்கு எறிந்துவிட்டால் நடுவழியில் மாட்ட வேண்டியதுதான். அப்படி இரண்டாவதை நோக்கி நகர்ந்த பிறகு பிடிபட்டால் "ஸ்டீல் முயற்சியில் அவுட்" என்று ஏறும். பின்னால் பாய்ந்து திரும்பும்போது பிடிபட்டால் அந்தப் பத்தியில் ஏறாது. 90 சதவீத வெற்றி என்று காட்டுபவரின் பிக்-ஆஃப் (பிட்சர் பேஸுக்கு எறிந்து பிடித்தது) எண்ணிக்கையையும் கேட்டுப் பாருங்கள்.

கடலோரம்
இந்த விநாடிக் கணக்குக்கு 2025-இன் ஜாஷ் நெய்லரே உதாரணம். லீகிலேயே மிக மெதுவாக ஓடுபவர்களில் ஒருவர், முதல் பேஸ்மேன் உடம்பு. 30 ஸ்டீல், இரண்டே தடவை மாட்டினார். ஹுவான் சோட்டோ 2024-இல் யாங்கீஸுக்கு 7 ஸ்டீல். மெட்ஸுக்குப் போன 2025-இல் 38, கூடவே 43 ஹோம் ரன். அவர் கால் ஒரே ஆண்டில் வேகமாகிவிடவில்லை. மெட்ஸின் அப்போதைய முதல் பேஸ் பயிற்சியாளர் அன்டோவான் ரிச்சர்ட்சனோடு சேர்ந்து கிளம்பும் விதத்தை மாற்றினார். நின்ற இடத்திலிருந்து கிளம்பாமல், பிட்சர் அசையும் நேரம் பார்த்துச் சின்னத் துள்ளலோடு உடம்பை ஏற்கனவே நகர வைத்துக் கிளம்புவது.

இதைப் பார்த்த பிறகும் "வேகமா, பலமா" என்று கேட்பதே எனக்குப் பழைய கேள்வியாகத் தெரிகிறது. ஸ்டீல் இப்போது வேகக்காரர்களின் தனிச்சொத்து இல்லை. 2025-இல் 60 ஹோம் ரன் அடித்த சியாட்டில் கேட்சர் கேல் ராலி 14 பேஸ் திருடியிருக்கிறார். கேட்சர்!

மின்னல்கால்
அப்போ வேகத்தை மட்டும் நம்பி ஜெயித்த அணிகளை எங்கே வைப்பீர்கள்? 1985 செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், வைட்டி ஹெர்சாக் மேனேஜர். 314 ஸ்டீல், வெறும் 87 ஹோம் ரன், 101 வெற்றி, நேஷனல் லீக் கோப்பை. 1982-இல் 67 ஹோம் ரன் மட்டும் அடித்து உலகத் தொடரையே வென்றார்கள்.

தாமரைக்குளம்
அந்த 1985 அணி 747 ரன் எடுத்தது, நேஷனல் லீகில் அதுதான் முதலிடம். ஆனால் கோல்மன் (அந்த ஆண்டு 110 ஸ்டீல்) மட்டும் காரணம் இல்லை. வில்லி மெக்கீ .353 அடித்து பேட்டிங் பட்டம் வாங்கினார். மூன்றாவதாக இறங்கிய டாமி ஹெர் 8 ஹோம் ரன்னை வைத்துக்கொண்டு 110 ரன் உள்ளே கொண்டுவந்தார். எப்படி? முன்னால் இருந்த இருவரும் எப்போதும் இரண்டாவது, மூன்றாவது பேஸில் நின்றார்கள், ஹெர் சிங்கிள், டபுளாக அடித்தார். மேட்டுப்பிட்சர் சொன்ன "அ" பேட்டர் இதுதான். புஷ் ஸ்டேடியம் அப்போது செயற்கைத் தரை, மைதானம் பெரியது. உருண்ட பந்து இடைவெளியில் வழுக்கி ஓடும், தூக்கி அடித்தது வேலிக்கு முன்னாலேயே விழும். அந்த இடத்துக்கு அந்த அணி சரி.

(கோல்மன் அந்த அக்டோபரில் எப்படிப் போனார் என்பதும் நினைவிருக்கும். மைதானத்தை மூடும் தானியங்கித் தார்ப்பாய் உருளை காலில் ஏறியது. லீகில் யாராலும் பிடிக்க முடியாத காலை ஒரு தார்ப்பாய் பிடித்தது.)

2023 அட்லாண்டா பிரேவ்ஸை எதிரே வையுங்கள். 307 ஹோம் ரன், 132 ஸ்டீல், 947 ரன். 1985 அணியைவிட 182 ஸ்டீல் குறைவு, 200 ரன் அதிகம். காலமும் பிட்சிங்கும் வேறு என்பதைக் கழித்தாலும் திசை தெரிகிறது. அதில் ரொனால்ட் அகூனியா ஒருவரே 41 ஹோம் ரன், 73 ஸ்டீல், எம்.வி.பி. (லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது.

கணக்குப்பிள்ளை
மின்னல்காலுக்கு ஆதரவாக ஒன்று நானே தருகிறேன். மேலே போட்டது மொத்த ரன் கணக்கு. எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் போதும் என்றால் அட்டவணையே வேறு. "குறைந்தது ஒரு ரன்" வரும் வாய்ப்பு: அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் 41.6 சதவீதம், இரண்டாவதில் 61.4, பேஸ் காலி ஒரு அவுட் 15.5. லாபம் 19.8, நஷ்டம் 26.1. தேவையான வெற்றி விகிதம் 57 மட்டுமே. ஒரு அவுட்டில் மூன்றாவதைத் திருட 56 போதும்.

அதே ஆள், அதே பிட்சர், அதே கேட்சர். மூன்றாவது இன்னிங்ஸில் முட்டாள்தனம், ஒன்பதாவதில் கட்டாயம்.

கடலோரம்
2014 செப்டம்பர் 30, கன்சாஸ் சிட்டி ராயல்ஸ்–ஓக்லாந்து வைல்டு கார்டு ஆட்டம் (தோற்றவர் வெளியேறும் ஒற்றை ஆட்டம்) இதற்கே எழுதி வைத்த மாதிரி. அந்த ஆண்டு ராயல்ஸ் ஹோம் ரன்னில் கடைசி (95), ஸ்டீலில் முதல் (153). ஓக்லாந்துக்கு பிராண்டன் மாஸ் இரண்டு ஹோம் ரன்னில் ஐந்து ரன் கொண்டுவந்தார். ராயல்ஸ் ஏழு பேஸ் திருடியது. ஓக்லாந்துக்கு, முதல் பேஸுக்கு எறியவே தயங்கும் ஜான் லெஸ்டர் பிட்சர், தொடங்கிய கேட்சர் ஜியோவனி சோட்டோ காயத்தில் வெளியே.

ஒன்பதாவதில் 7-6 பின்தங்கிய நிலை. மாற்று ரன்னர் ஜாரட் டைசன், பன்ட்டில் (பேட்டர் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) இரண்டாவதுக்கு வந்தார். ஒரு அவுட். மூன்றாவதைத் திருடினார். நோரி ஆவோகி வெளிக்களத்துக்குத் தூக்கி அடித்ததில் ஹோம் வந்து சமன். மேலே சொன்ன 56 சதவீத இடம் அதுதான். 12-வது இன்னிங்ஸில் கிறிஸ்டியன் கொலோன் இரண்டாவதைத் திருட, சால்வடோர் பெரெஸின் சிங்கிளில் 9-8.

மேட்டுப்பிட்சர்
2004 அக்டோபர் டேவ் ராபர்ட்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் 4-3 பின்தங்கி, ஒன்பதாவது இன்னிங்ஸ், வீசுவது யாங்கீஸின் மரியானோ ரிவேரா. கெவின் மில்லார் வாக் வாங்கினார், ராபர்ட்ஸ் அவருக்குப் பதில் ஓட வந்தார். ஒரு பந்துகூட வீசும் முன்பே ரிவேரா முதல் பேஸுக்கு மூன்று தடவை எறிந்தார். இன்றைய விதியில் அந்த மூன்றாவது எறிதலே பால்க், ராபர்ட்ஸ் நடந்தே இரண்டாவதுக்குப் போயிருப்பார். ஸ்டீல், பில் மியூலர் சிங்கிள், சமன். அதோடு நிறுத்தாதீர்கள்: 12-வதில் அந்த ஆட்டத்தை முடித்தது டேவிட் ஓர்ட்டீஸின் ஹோம் ரன்.

தாமரைக்குளம்
செலவுக் கணக்கில் யாரும் எழுதாத ஒன்று, உடம்பு. 2024 உலகத் தொடர் இரண்டாவது ஆட்டத்தில் ஓதானி இரண்டாவது பேஸுக்குச் சறுக்கினார், அவுட், கூடவே இடத்தோள் நழுவியது. 54 ஹோம் ரன் அடித்த தோள். 2025-இல் பிட்சிங்குக்குத் திரும்பிய ஆண்டில் அவர் 55 ஹோம் ரன், ஸ்டீல் 20 மட்டும். டாட்ஜர்ஸ் கணக்குத் தெரிந்தவர்கள்.

பலத்தை வளர்ப்பதும் சும்மா வருவதில்லை. பேட் சுழலும் வேகம் 2024 முதல் பொதுவில் வெளியாகிறது. லீக் சராசரி 71, 72 மைல், ஜியான்கார்லோ ஸ்டான்டன் 80-ஐத் தாண்டுவார். நேராகப் பட்டால் பந்து கிளம்பும் வேகம் ஒரு மைல் கூடினால் தூரம் ஏறக்குறைய ஐந்து அடி கூடும். ஆனால் 98 மைலில் கிளம்பினாலும் கோணம் 26 முதல் 30 பாகைக்குள் இருந்தால்தான் "பேரல்", அதாவது கச்சிதமாகப் பட்ட அடி என்று கணக்கு. 10 பாகையில் அதே அடி நேர் சிங்கிள், 45-இல் சும்மா கேட்ச். வேகம் ஏற ஏற அந்தச் சன்னல் அகலும், 100 மைலில் 24 முதல் 33 பாகை. பலசாலிக்குத் தப்பாகப் பட்ட பந்தும் வேலியைத் தாண்டுவது இதனால்தான். பலமில்லாதவர் கோணத்தை மட்டும் தூக்கினால் வெளிக்களத்தில் கேட்ச் கொடுத்தே சீசன் முடியும்.

வடக்குவீதி
கடைசியாக ஒன்று. எம்.எல்.பி. இல்லாமல் கல்லூரி, கிளப் மட்டத்தில் ஆடும் அணிக்கு இந்த எண்கள் பொருந்துமா?

மேட்டுப்பிட்சர்
72-ஐ அப்படியே தூக்கிப் போடாதீர்கள். அங்கே பிட்சர் 1.5, கேட்சர் பாப் டைம் 2.3 என்றால் மொத்தம் 3.8. பேஸ் தூரம் மட்டும் அதே 90 அடி. 3.6-இல் ஓடுபவன்கூட நிம்மதியாகச் சேர்வான். எறிதல் நடுக்களத்துக்குப் பறந்து மூன்றாவதும் கிடைப்பது அடிக்கடி நடக்கும், அது ஸ்டீல் பத்தியில் வராத லாபம். வேலி தாண்டி அடிப்பவர்களும் அங்கே குறைவு, பெரும்பாலும் "அ" வகைதான். ஆகவே அங்கே ஓடலாம், நிறையவே ஓடலாம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். டக்-அவுட்டில் (அணி உட்காரும் இடம்) ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச். முதல் இரண்டு இன்னிங்ஸில் எதிரணிப் பிட்சர் ஆள் பேஸில் இருக்கும்போது எடுக்கும் நேரத்தை ஐந்தாறு பந்துக்குக் குறிக்கட்டும், ஃபாஸ்ட் பால் தனி, வளைவு தனி. இன்னிங்ஸ் தொடங்கும் முன் கேட்சர் இரண்டாவதுக்கு எறிந்து பார்ப்பாரே, அதிலிருந்து பாப் டைம். ஆனால் அந்த எறிதலில் பேட்டர் குறுக்கே இல்லை, பந்தும் நேராக வருகிறது. அதனால் 0.1 கூட்டிக்கொள்ளவும். உங்கள் ரன்னர்களின் நேரத்தைப் பயிற்சியில் 12 அடி தள்ளி நின்று, சறுக்கலோடு சேர்த்து எடுங்கள். சறுக்காமல் ஓடிக் கடந்த நேரத்தை வைத்து முடிவெடுத்தால் ஆட்டத்தில் மாட்டுவார்கள்.

மின்னல்கால்
வலக்கைப் பிட்சர் 1.4, கேட்சர் 2.2, என் ரன்னர் 3.6. என்ன சொல்கிறீர்கள்?

மேட்டுப்பிட்சர்
முதல் பந்தில் வேண்டாம். 0-1 ஆகட்டும், வளைவு வரும், அப்போது அனுப்புங்கள். அடுத்து இறங்குவது பலமாக அடிக்கும் உங்கள் நான்காம் ஆள் என்றால் நிற்கச் சொல்லுங்கள்.